பதினோராம் நாளுக்கு முன்

என் மகன் ஒன்பது நாள் இருந்தான்.

நேபாள மலையில் எங்கள் ஜும்லாவில் பிள்ளைக்குப் பேர் வைப்பது பதினோராம் நாள். அன்றைக்குத்தான் தாயும் பிள்ளையும் மாட்டுக்கொட்டிலை விட்டு வீட்டுக்குள் ஏறுவார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அவன் போய்விட்டதால் அவனுக்குப் பேரில்லை. பேரில்லாத பிள்ளையை எரிப்பதில்லை, அதற்குத் திவசமும் கிடையாது. ஆண்கள் இரண்டு பேர் துணியில் சுற்றித் தீலா ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வந்து கைகால் கழுவிக்கொண்டு ரொட்டி தின்றார்கள். "உனக்கு எத்தனை பிள்ளை?" என்று யாராவது கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் புருஷன் கர்ணவீர் அவனைப் பார்க்கவே இல்லை. எங்கள் ஊரிலும் ஆப்பிள் விளைகிறது, ஆனால் கூலி கிடைப்பது சிம்லாப் பக்கத்துத் தோட்டங்களில். பிள்ளை பிறந்தபோது அவர் அங்கே இருந்தார். பனி உருகித் திரும்பி வந்தவர் கொட்டில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்: "யார் சாயல்?"

"உங்க நெத்தி," என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பேச்சு எடுத்தால் நான் அழுவேன் என்று அவருக்குப் பயம், எடுத்தால் அவர் உடைந்துபோவார் என்று எனக்கு. அடுத்த வருஷமும் போனார், அதற்கடுத்த வருஷமும் போனார். அவன் பிறந்த மாசத்தில் பிறந்த பிள்ளைகள் ஊரில் மூன்று பேர். அவர்கள் நடக்கப் பழகினபோது அவனும் நடந்திருப்பான் என்று நினைத்தேன். அவர்களில் ஒருவனுக்கு முதல் பல் ஆடியபோது என் நாக்கு என் பல்லைத் தடவிப் பார்த்தது.

அவனை உயிரோடு கண்ணால் பார்த்தவர்கள் என்று சொன்னால் நானும் ஜௌகலாவும்தான். ஜௌகலா என் புருஷனின் அண்ணன் பெண்டாட்டி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். தீட்டு என்று மாமியார்கூட ரொட்டியைத் தூரத்திலிருந்து வீசிவிட்டுப் போன அந்த ஒன்பது நாளும் அவள் கொட்டிலுக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தீட்டாவது மண்ணாவது! குளிக்க ஆத்துல தண்ணியா இல்ல?" என்பாள். தொப்புள்கொடியை அறுத்தவள் அவள். அறுத்த இடத்தில் மஞ்சளைக் கடுகெண்ணெயில் குழைத்து வைத்ததும் அவள்தான். அது சாமிக்கென்று எடுத்துவைத்திருந்த மஞ்சள். கீழே சுர்க்கேத்திலிருந்து ஆள் சுமந்து நடையாகக் கொண்டுவந்தது. தன் பிள்ளைகளுக்குக்கூட அவள் அதை அவ்வளவு அள்ளி வைத்ததில்லை. "காயட்டும், சீக்கிரம் காயட்டும் என் ராசாவுக்கு," என்று தினம் இரண்டு வேளை வைத்தாள்.

ஏழாம் நாள் அவன் பால் குடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் என் மடியிலேயே குளிர்ந்துபோனான். எங்கள் ஊர்ப் பூசாரியான தாமி சாமியாடிச் சொன்னார்: கர்ப்பிணியாக நான் கோயில் பாதையைத் தாண்டினேனாம், தெய்வத்துக்குக் கோபமாம். நான் நம்பினேன். என் பேரைச் சொல்லித் தன் ஆட்டை வெட்டிப் படைத்தவளும் ஜௌகலாதான்.

பிறகு ஊரில் சுகாதாரச் சேவகிக்கு ஆள் தேடினார்கள். அம்மாமார் கூட்டத்தில் யார் யாரையோ சொல்லிப் பார்த்தார்கள். ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்திக்கு எழுதத் தெரியாது. கடைசியில் ஒருத்தி சொன்னாள்: "பன்சராவைப் போடுங்க. அஞ்சாப்பு படிச்சவ. அவளுக்கென்ன, முந்தானையப் புடிச்சிகிட்டுப் பிள்ளையா தொங்குது?" எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜௌகலா மட்டும் அவளை முறைத்து, "உன் வாயில பனிக்கட்டிய வெச்சு அடைக்க," என்றாள்.

அரை நாள் நடையில் இருந்த ஹெல்த் போஸ்டில் மூன்று நாள் பயிற்சி. நர்ஸ் தேவகி ரோகாயாவுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. என்னை அக்கா என்றாள். துணிப் பொம்மை ஒன்றின் வயிற்றில் கயிறு தைத்து வைத்திருந்தாள், அதுதான் தொப்புள்கொடி. விரல் நீளத்தில் ஒரு சின்னக் குழாயைக் காட்டினாள்.

"இது தொப்புளுக்குப் போடற களிம்பு. எட்டாம் மாசத்துலயே கர்ப்பிணி கையில கொடுத்துடணும். ஆத்தங்கரை, கொட்டில், எங்க பிறந்தாலும் சரி. கையச் சோப்புப் போட்டுக் கழுவணும். புது பிளேடால கொடிய அறுத்த உடனே, அறுத்த நுனி, கொடி, அது வயித்தோட சேர்ற இடம் எல்லாத்துலயும் இதத் தடவணும். கண்ணுல மட்டும் படவே கூடாது. அப்புறம் அதுமேல வேற ஒண்ணும் வைக்கக் கூடாது."

"எண்ணெய்?" என்றாள் ஒருத்தி.

"கூடாது."

"சாம்பல்?"

"கூடாது அக்கா. எண்ணெய், மஞ்சள், சாம்பல், சாணி எதுவும் வேண்டாம். அது பச்சைப் புண்ணு. புண்ணு வழியா விஷம் உள்ள ஏறிடும். ஏறுனா, தொப்புளச் சுத்திச் சிவக்கும், சீழ் வரும், வாடை வரும். பிள்ளை பால் குடிக்காது. உடம்பு கொதிக்கும், இல்லன்னா சில்லுன்னு ஆயிடும். அந்த நிமிஷமே இங்க தூக்கிட்டு ஓடி வந்துடணும்."

"சிஸ்டர், வாடை எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"இறைச்சி கெட்டா எப்படி இருக்கும், அப்படி."

பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் எழுந்து வெளியே போனேன். அந்த வாடை எனக்குத் தெரியும். எட்டாம் நாள் அது என் மடியிலிருந்து வந்தது. கொட்டில் நாற்றம் என்று நினைத்து, பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு வைக்கோலை மாற்றினேன்.

தேவகி பின்னாலேயே வந்தாள். அவள் கேட்கும் முன்பே நான் கேட்டேன்: "அஞ்சு வருஷம் முன்னாடி இங்க மருந்து இருந்துச்சா?"

"களிம்பு இல்ல அக்கா. அது இப்பத்தான் வந்துச்சு. ஆனா விஷம் ஏறுன பிள்ளைக்கு ஊசி இருந்துச்சு."

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது ஒவ்வொரு திருப்பமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அரை நாள் நடை. அன்றைக்கே தெரிந்திருந்தால் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நான் இந்தப் பாறையைத் தாண்டியிருப்பேன். இந்த ஓடையில் தண்ணீர் குடித்திருப்பேன். முன்னெல்லாம் தெய்வம் எடுத்துக்கொண்டது என்று அழுதேன். தெய்வத்திடம் யார் போய்ச் சண்டை போடுவது? இப்போது இந்தப் பாதைதான் கண்ணுக்குள் நின்றது.

ஜௌகலாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கொட்டிலுக்குள் வந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் சொல்லாமல் அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. தண்ணீருக்கு வேறு நேரத்தில் போனேன். அவள் விடுவாளா? வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ட்ரெயினிங் போயிட்டு வந்ததுல இருந்து பெரிய ஆபீசரு! நம்ம மாதிரி ஆளுங்ககிட்டல்லாம் பேச மாட்டாங்க!"

அந்தக் குளிர்காலத்தில் அவள் மருமகள் பிர்மாவுக்கு முதல் பிரசவம். எட்டாம் மாசத்தில் களிம்பைக் கொடுத்தேன். வலி எடுத்ததும் ஹெல்த் போஸ்டுக்குத் தூக்கிப்போவதாகத்தான் பேச்சு. ஆனால் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டிப் பாதை மூடிவிட்டது. காலையில் வலி கண்டது. மத்தியானம் கொட்டிலில் பெண் பிள்ளை பிறந்தது. நான்தான் நூலைக் கட்டி, புது பிளேடால் கொடியை அறுத்தேன். நிமிர்ந்தால் ஜௌகலா கிண்ணத்தோடு நிற்கிறாள். மஞ்சளும் எண்ணெயும்.

"அக்கா, அது வேண்டாம். களிம்பு இருக்கு."

"எது, இந்தப் பல்லு வெளக்குற பேஸ்டா? போடி. நாலு பெத்து நாலுக்கும் இதத்தான் வெச்சேன். நாலும் கல்லு மாதிரி நிக்குது."

"அக்கா, சொன்னாக் கேளு."

"ஏன்டி, நான் என்ன விஷமா வெக்கிறேன்?"

வாயைத் திறந்தேன், மூடினேன். பிர்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

ஜௌகலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிண்ணம் மெல்லத் தாழ்ந்தது. "பன்சரா," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "உன் பிள்ளைக்கும் இதத்தானடி வெச்சேன்?"

அப்போதே சொல்லியிருக்கலாம், இல்லை என்று பொய்யும் சொல்லியிருக்கலாம். நான் சோப்பை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"கையக் கழுவிட்டு வா அக்கா. களிம்ப நீதான் தடவணும்."

"என் கையா?"

"உன் கைதான். நான் பிள்ளையப் புடிச்சுக்கறேன்."

கிண்ணத்தை மூலையில் வைத்துவிட்டுப் போனாள். வெந்நீரில் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். போதும் என்று நான் சொன்ன பிறகும் கழுவினாள். குழாயைப் பிதுக்கி விரலில் எடுத்தாள். நுனியில், கொடியில், அடியில், நான் சொன்ன இடமெல்லாம் தடவினாள். பிள்ளையைப் பிர்மாவின் மார்போடு ஒட்டிவைத்துப் போர்த்தினோம்.

அன்றிலிருந்து நான் தினமும் போய்ப் பார்த்தேன். கொடி வாடையில்லாமல் கறுத்துச் சுருங்கியது. எட்டாம் நாள் தானாக உதிர்ந்தது. ஒன்பதாம் நாள் எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. வாசலில் நின்று காது கொடுத்தேன். பால் குடிக்கிற சப்தம் கேட்டது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். பதினோராம் நாள் பண்டிதர் வந்து, காதில் பேரைச் சொல்லி, பிள்ளையை வெயிலுக்குக் காட்டினார். எல்லோரும் நெற்றியில் அரிசிப் பொட்டு வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பால் கட்டினதுபோல் மார்பு கனத்தது. ஐந்து வருஷம் கழித்தும் அது மறக்கவில்லை.

ஜௌகலா அன்று சாயங்காலம் வந்தாள். உட்காரவில்லை. "இப்ப சொல்லு," என்றாள்.

சொன்னேன். சிவப்பு, வாடை, பால் குடிக்காதது என்று தேவகி சொன்னதையெல்லாம் சொன்னேன். "அது மஞ்சளாலயா, அறுத்த அருவாளாலயா, கொட்டில் மண்ணாலயான்னு யாருக்கும் தெரியாது அக்கா. தெய்வக் குத்தம் மட்டும் இல்ல. வாடை வந்துச்சு, எனக்கே தெரிஞ்சுது. நான் வைக்கோல மாத்துனேன். நமக்குத் தெரியாது அக்கா. ரெண்டு பேருக்குமே தெரியாது."

அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

சிம்லாவுக்குப் போன் போட்டு இவருக்கும் சொன்னேன். "நான் இருந்திருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பேன்," என்றார். "தெரிஞ்சிருந்தா நானே ஓடியிருப்பேன்," என்றேன். அவர் அழுததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். அறுவடைக்கு முன்பே வந்துவிடுவதாகச் சொன்னார்.

ஜௌகலா ஒரு மாசத்துக்குமேல் என்னிடம் பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிண்டலும் இல்லை. அந்தக் கிண்டலுக்காக நான் ஏங்கினேன். மகனை இழந்தது போதாதென்று இவளையும் இழந்துவிட்டேனே, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று பல நாள் நினைத்தேன். கீழத்தெருவில் ஒரு பிரசவம் நடந்தபோது கிண்ணத்தோடு வந்த கிழவியை அவள் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று கேட்டதற்கு, "நான் சொல்றேன், போ," என்றாளாம். அவ்வளவுதான்.

பனி போய் பீன்ஸ் விதைக்கிற நாள். மத்தியான வெயிலில் நான் குனிந்து விதை போட்டுக்கொண்டிருந்தேன். ஜௌகலா வந்து அடுத்த சாலில் குந்தி, கேட்காமலே என் கூடையிலிருந்து விதையை அள்ளி ஊன்ற ஆரம்பித்தாள். பாதி வயல் விதைத்திருப்போம்.

"அவன் பொறந்த உடனே நீ மயங்கிட்ட. தெரியுமா?" என்றாள் திடீரென்று, நிமிராமல்.

"கொஞ்ச நேரம்னு சொன்ன."

"கொஞ்ச நேரமா? ஒரு பானை சோறு வேகற நேரம். அதுவரைக்கும் அவன் என்கிட்டதான் இருந்தான்." விதையை ஊன்றி மண்ணைத் தள்ளினாள். "மூணு தடவை தும்முனான். மாடெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. என் மோதர வெரலப் புடிச்சான் பாரு, விடவே இல்ல. அப்புறம் என் ரவிக்கையெல்லாம் நனைச்சுட்டான். 'உங்கப்பன மாதிரியே வெக்கங்கெட்டவன்டா நீ'ன்னு திட்டுனேன். முழிச்சு முழிச்சுப் பாத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மண்ணானது. ஐந்து வருஷமாக அந்த ஒன்பது நாளையும் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இது அதில் இல்லை. இது எனக்குப் புதிது.

கூடையை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னும் சொல்லு அக்கா," என்றேன்.