மீதிப் படம்

"தலையப் பாத்து, தலையப் பாத்து" என்று சொல்லிக்கொண்டே தீபக் மாமனாரின் அக்குளுக்குள் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினான். மாடிவீட்டு உலகநாதன் கால்களைப் பிடித்திருந்தார். பாரம் இறங்கியதும் கம்ப்யூட்டர் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்து நின்றது.

யூனிஸ் கதவு நிலையைப் பிடித்தபடி வெளியே நின்றாள். ஹாலில் கட்டில் போட்டாகிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். "ஹார்ட்தான்மா. வலி தெரிஞ்சிருக்காது" என்று சொல்லியிருந்தார்.

கணவர் தியோடரை அவளைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் கால் ஒன்று அவள் புடவையில் உரசிக்கொண்டு போனது. அவள் பின்னாலேயே போயிருக்க வேண்டும். போகாமல் அறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் திரையில் படம் பாதியில் நின்றிருந்தது. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் பஸ் நிற்குமிடத்தில் திரும்பிப் பார்த்தபடி இருந்தாள். என்னவோ சொல்ல வந்து வாய் பாதி திறந்திருந்தது. மழை கோடு கோடாக அந்தரத்தில் நின்றது.

யூனிஸுக்குப் பின்னாலிருந்து மகள் ஸ்வீட்டி உள்ளே போய் மவுஸில் கை வைக்கப் போனாள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"நக்கோ ஸ்வீட்டி. தொடாத."

"ஆஃப் பண்ணிடறேன் மம்மி. பாக்க ஒரு மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். வெளிய வா."

அது வெஸ்லியின் அறை. வெஸ்லி ஸ்வீட்டிக்குத் தம்பி. கொண்டாப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். ஒரு மழைக்காலத்துக் காலையில் போவன்பள்ளி வீட்டிலிருந்து பைக்கில் ஆபீசுக்குப் போனவன் அங்கே போய்ச் சேரவில்லை; ரோட்டிலேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு யூனிஸ் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. கூட்டிப் பெருக்குவதெல்லாம் வேலைக்காரிதான். இன்று மத்தியானம் டீக்குக் கூப்பிட்டுப் பதில் வராமல் உள்ளே ஓடியதும், கணவரின் தோளைப் பிடித்து உலுக்கியதும் அவளுக்குக் கனவு மாதிரிதான் நினைவிருந்தது.

வெஸ்லிக்குப் படப்பைத்தியம். அதுவும் சாதாரண சி.டி., டி.வி.டி. எல்லாம் அவனுக்கு ஆகாது. நீலப் பெட்டியில் வருகிற புளூ ரே டிஸ்க்தான் வேண்டும். சம்பளம் வந்ததும் ஒன்று வாங்கிவிடுவான். "நடிக்கிறவங்க கன்னத்துல இருக்கிற பூனமயிர் கூடத் தெரியும் மம்மி" என்பான். "தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்பாள் யூனிஸ்.

உப்பலில் ஃபேன் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த தியோடர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்ததும் ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் மேலிருந்த பெட்ஷீட்டை எடுத்து உதறினார். மகன் பார்த்த படங்களைத் தானும் பார்க்கப் போவதாகச் சொன்னார். ஒரு பட்டனைத் தட்டினால் ஓடிவிடும் என்றுதான் நினைத்திருப்பார். டிஸ்க் வைக்கிற டிரைவ் தூசியில் செத்துப்போயிருந்தது. செகந்திராபாத்தில் கடை கடையாக ஏறி ஒரு டிரைவ் வாங்கி வந்தார். அது டி.வி.டி. டிரைவ். வெஸ்லியின் டிஸ்க் தட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. மறுபடி மருமகன் தீபக்கைக் கூட்டிக்கொண்டு போனார். இந்தத் தட்டைப் படிக்க நீல லேசர் வேண்டும், அதற்கு டிரைவே தனி என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கேயும் இருப்பில் இல்லை. சொல்லிவைத்து வரவழைத்தார்.

டிரைவ் வந்தது; படம் வரவில்லை. வெஸ்லியின் மானிட்டரை ஊரடங்கு சமயத்தில் ஸ்வீட்டியின் மகளுக்கு ஆன்லைன் கிளாசுக்குக் கொடுத்திருந்தார்கள். பரணிலிருந்து எடுத்து மாட்டிய பழைய மானிட்டரையும் அதன் நீலத்தலை ஒயரையும் அந்தத் தட்டு நம்பவில்லை. படத்தைத் திருடிவிடுவோமோ என்று அதற்குப் பயம், அதனால் பூட்டுப் போட்டிருக்கிறது என்றான் தீபக். பூட்டைத் திறக்கத் தெரிந்த மானிட்டரும் அதற்கேற்ற ஒயரும் வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டரோடு வருகிற பிளேயரில் இந்தத் தட்டு ஓடாது. அதற்கென்று காசு கொடுத்து வாங்குகிற புரோகிராம் வெஸ்லி போட்டது இருந்தது. ஆனால் திறக்கும்போதெல்லாம் அது அப்டேட் பண்ணச் சொல்லிக் கேட்டது. அப்டேட் பண்ணினால்தான் புதிதாக வந்த தட்டுகளின் பூட்டு திறக்கும். பண்ணினால் பழைய ஞாபகம் எல்லாம் அழிந்தாலும் அழியும் என்றான் தீபக்.

"என்ன ஞாபகம்?" என்று கேட்டார் தியோடர்.

"எந்தப் படத்த எங்க நிறுத்தினோம்னு அது வச்சிருக்கும் மாமா. அடுத்த தடவ போட்டா, அங்கிருந்து பாக்கறியா, மொதல்லேருந்தான்னு கேக்கும்."

தியோடர் நீலப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு, "அப்டேட் வேணாம்" என்றார். வெஸ்லி வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்த தட்டுகள் இரண்டு மூன்று இருந்தன. அவை ஓடாமலே போயின. "அவன் பாக்காதது எனக்கு எதுக்கு?" என்றார்.

அதிலிருந்து மத்தியானம் சாப்பிட்டதும் உள்ளே போய்விடுவார். சுவருக்கு இந்தப் பக்கம் சமையலறை. வெஸ்லி இருந்தபோது கேட்ட அதே சத்தங்கள். துப்பாக்கி, ரயில், தெரியாத பாஷையில் ஒரு பெண்ணின் சிரிப்பு. ஒரு நாள் குழம்பைக் கிளறிக்கொண்டே யூனிஸ் தன்னை மறந்து, "வெஸ்லி, சாப்பிட வா" என்று குரல் கொடுத்துவிட்டாள். கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"வரேன் மம்மி" என்றது தியோடரின் குரல்.

அவர் வந்து உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள்.

இன்னொரு நாள் கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "எல்லாப் படத்தயும் முழுசாப் பாத்திருக்கான். ஒண்ணுதான் பாதியில நிக்குது."

"எது?"

"கடைசியா போட்டது. அவன் போனதுக்கு மொத நாள் ராத்திரி. ஏன் அங்க நிறுத்தினான்னு தெரியல யூனிஸ்."

"தூக்கம் வந்திருக்கும். வேற என்ன?"

"ஹவ், ஆமா. தூக்கம்தான் வந்திருக்கும்" என்றார் அவர். ஆனால் எங்கிருந்து என்ற கேள்வி வந்ததும் வெளியே எடுத்த அந்தத் தட்டை மட்டும் அவர் மறுபடி போடவில்லை. மற்றவற்றையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

இன்று மேசைமேல் காலியாகத் திறந்து கிடந்த நீலப் பெட்டி அதனுடையதுதான். மேலட்டையில் மஞ்சள் மழைக்கோட்டு. இன்று என்ன நினைத்துக்கொண்டு போட்டார்? முதலிலிருந்தா, வெஸ்லி விட்ட இடத்திலிருந்தா? சமையலறையில் இருந்தபோது சத்தம் நின்றது அவளுக்குக் கேட்டது. டீக்கு வரப்போகிறார் என்றுதான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஹாலில் பெஞ்சும் நாற்காலியும் போட்டார்கள். சர்ச்சிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். தியோடரின் தங்கை சென்னையிலிருந்து நாளைக் காலைதான் வந்து சேருவாள். அடக்கம் அதற்குப் பிறகு. மே மாதத்து வெயிலில் அதுவரை வைத்திருக்க ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியது. ஹால் பிளக்கில் மாட்டியதும் ஃப்யூஸ் போய்விட்டது. உலகநாதன் டார்ச்சோடு போய்ச் சரிசெய்தார். நல்லவேளை, ஹாலுக்கு மட்டும்தான் போயிருந்தது.

தீபக் வியர்வையோடு வந்தான். "அத்தை, இந்தப் பெட்டிக்குப் பெரிய பிளக்தான் வேணும். வெஸ்லி ரூம்ல ஏசி பாயின்ட் ஒண்ணுதான் தாங்கும். அதுல மாமா கம்ப்யூட்டர மாட்டி வச்சிருக்காங்க. அத எடுத்துட்டு இங்க ஒயர் இழுத்துடட்டுமா?"

"எடுத்தா அணைஞ்சிடுமா?"

"அணைஞ்சிடும். யூபிஎஸ் பாட்டரி செத்துப்போச்சு."

யூனிஸ் எழுந்து அவனோடு அறை வாசல்வரை வந்தாள். ஸ்வீட்டியும் பின்னாலேயே வந்தாள்.

"அணைச்சா எந்த இடம் ஞாபகம் இருக்கும் அதுக்கு?"

தீபக்குக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. "முறையா நிறுத்தினா மாமா விட்ட இடம் இருக்கும் அத்தை. வெஸ்லியோடது போயிடும். அப்படியே பிளக்கப் பிடுங்கினா பழசே இருக்கும். மாமாவோடது இருக்காது."

"டாடியோடதுதான் வேணும்" என்று ஸ்வீட்டி சொன்னாள். சொன்ன உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வேணும்னா போன்ல போட்டோ எடுத்துக்கலாம் மம்மி. டைம் தெரியற மாதிரி."

"இன்னொரு வழி இருக்கு" என்றான் தீபக். "இப்ப நிக்கிற டைமக் குறிச்சுக்கிட்டு பிளக்க எடுத்துடலாம். அப்பறம் போட்டா வெஸ்லி விட்ட டைமக் காட்டிக் கேக்கும். ரெண்டையும் பாத்தா, மாமா அவன் விட்ட இடத்தத் தாண்டினாங்களா இல்லயான்னு தெரிஞ்சிடும்."

யூனிஸ் திரையையே பார்த்தாள். மழை இன்னும் அந்தரத்தில் நின்றது. அவர் வேண்டுமென்று நிறுத்தினாரா, சாயும்போது கை பட்டு நின்றதா? அந்த இடம் வந்ததும் தாங்கவில்லையா? அந்த இடம் வருவதற்கு முன்பேவா? இனி இந்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு இதையே கேட்டுக்கொண்டிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோன அந்த நிமிஷத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"தெரிஞ்சு?" என்றாள்.



"முழுசாப் பாத்து முடிச்சா?"

"முடிச்சா எங்கயும் நிக்காது அத்தை. அடுத்த தடவ மொதல்லேருந்துதான் வரும்."

"முடிய நேரமாகுமா?"

தீபக் எட்டிப் பார்த்தான். "முக்கால்வாசி போயிடுச்சு. ஆனா..." அவன் ஹால் பக்கம் திரும்பினான். ஃப்ரீசர் பெட்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றார்.

"மார்க்கெட்ல மீனுக்குப் போடற ஐஸ் இருக்கும். நாலு பாளம் வாங்கிட்டு வரச் சொல்லு. கட்டிலுக்கு அடியில வைங்க" என்றாள் யூனிஸ்.

"மம்மி, கைக்கு மம்மி, எதுக்கு இதெல்லாம்? ஜனங்க வந்திருக்காங்க. பாஸ்டர் வரப்போறாரு. நீங்க உள்ள உக்காந்து படம் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"என்ன வேணா சொல்லட்டும்."

அவள் உள்ளே போனாள். சுவரோரம் போயிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி அவள் பாரத்துக்கு மெல்லத் தழைந்து கொடுத்தது. எந்தப் பட்டன் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்வீட்டிதான் வந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தட்டினாள்.

மழை விழுந்தது. அந்தப் பெண் சொல்ல வந்ததைச் சொன்னாள். யூனிஸுக்குப் பாஷை புரியவில்லை. கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தைப் படிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

சுவருக்கு அப்பால் ஹாலில் பாடிக்கொண்டிருந்த சர்ச் பெண்களின் குரல் சட்டென்று தடுமாறி நின்றது. இந்த அறையிலிருந்து படச் சத்தம் கேட்டதும் அவர்கள் என்ன நினைத்தார்களோ? சற்றுப் பொறுத்து யாரோ ஒருத்தி மறுபடி எடுத்துக் கொடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பாட்டும் இந்த மழையும் ஒன்றாகக் கேட்டன.

யார் யாருக்கு என்ன உறவு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு ஆள் அந்தப் பெண்ணைத் தேடி ஊரூராய்ப் போனான். ஒரு ஓட்டலில் நாய் ஒன்று அவனோடு ஒட்டிக்கொண்டது. வெஸ்லி சொன்னது வாஸ்தவம்தான். அந்த ஆளின் கன்னத்து மயிர்கூடத் தெரிந்தது. நடுவில் ஒரு முறை, அந்த ஆள் போனில் யாருக்காகவோ காத்திருந்தபோது, தனக்குப் பின்னால் வெஸ்லியின் கட்டிலில் யாரோ உட்காருவது போல் யூனிஸுக்குத் தோன்றியது. கட்டிலின் பலகை முனகியது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று இரண்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மூச்சை மெதுவாக விட்டபடி திரையையே பார்த்தாள்.

கடைசியில் அந்த ஆள் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தான். அவர்கள் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. ஒரு சின்னச் சமையலறையில் அவள் தட்டுகளைக் கழுவிக் கழுவிக் கொடுக்க, அவன் துணியால் துடைத்து அடுக்கினான். அடுக்கி முடிக்குமுன்பே திரை கறுத்துவிட்டது.

இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. இதற்குத்தான் இத்தனையுமா?

"யூனிஸ்."

அன்னம்மாள் கையில் டீ டம்ளரோடு உள்ளே வந்தாள். சர்ச்சில் பெண்கள் சங்கத்தில் மூத்தவள். அழைத்துப் போகத்தான் அவளை அனுப்பியிருப்பார்கள்.

"பாஸ்டர் வந்துட்டாரும்மா. படம் முடிஞ்சுதா?"

"இல்லக்கா. பேரு ஓடுது, அதுவும் முடியணும்."

அன்னம்மாள் திரையைப் பார்த்தாள். பிறகு யூனிஸின் முகத்தைப் பார்த்தாள். டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தீபக் வாசலில் ஒயர்ச் சுருளோடு வந்து நின்றான்.

"இத்தன பேரா?" என்றாள் அன்னம்மாள்.

கறுப்பில் வெள்ளை எழுத்துகள் கீழேயிருந்து வந்துகொண்டே இருந்தன. அன்னம்மாள் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டி வாய்க்குள் படிக்கப் பார்த்தாள். பாதி படிப்பதற்குள் அது மேலே போய்விட்டது. அடுத்ததைப் பிடித்தாள்.