அனுப்புநர்: கோமதிநாயகம்

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம், தூறல். கோமதிநாயகம் தம்முடைய கைபேசி எண்ணை ஒரே குடைக்குள் அழைத்துக்கொண்டு, திருச்சியிலுள்ள எண் மாற்ற அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய வலத் தோளும் எண்ணின் இடத் தோளும் நனைந்திருந்தன. நிறுவனம் மாறும் எண் நேரில் வர வேண்டும் என்பது விதி.

எண்ணுக்கு வயது பத்தொன்பது. பார்வைக்கு ஐம்பது சொல்லலாம். அதிகம் பேசவைக்கப்பட்ட எண்கள் சீக்கிரம் மூத்துவிடும். அது தேய்த்த அரைக்கைச் சட்டை அணிந்து, ஒரு ரெக்சின் பையை மடியோடு அணைத்து வைத்திருந்தது.

பழைய நிறுவனத்தின் சிக்னல் பொன்மலையிலுள்ள அவருடைய வீட்டிலிருந்து சிறிது சிறிதாக வெளியேறியிருந்தது. ஆடியில் படுக்கையறையை விட்டது. புரட்டாசியில் அடுக்களையைக் காலி செய்தது. தீபாவளிக்குப் பிறகு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டும் இருந்தது. அவரும் மாலைதோறும் ஏணி வைத்து ஏறினார். கடந்த ஞாயிற்றுக்கிழமை அங்கும் இல்லை, தெருமுனைவரை தேடியும் இல்லை. தொட்டியின் மூடிமேல், யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்துபோனதைப் போன்ற தடம் இருந்தது.

சிக்னல் போனதில் அவருக்கு வருத்தமில்லை. அக்காவைப் பற்றித்தான் கவலை.

அக்கா உலகம்மாள் புளியங்குடியில் தனியே இருக்கிறார். வயது எழுபத்து நான்கு. இடுப்பில் தகடு வைத்திருக்கிறது. இன்னொரு முறை விழுந்தால் எழுப்ப முடியாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். காது அறவே கேட்காது. ஆகவே பேச்சு கிடையாது. மாலை ஆறு மணிக்கு அக்கா ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஆறு ஐந்துக்குத் தம்பி ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். தம் கைபேசியில் ‘தம்பி’ என்று ஒளிர்வதைப் பார்த்த பிறகே அக்கா உலை வைப்பார்.

மூன்று நாள் தொடர்ந்து ஒளிராவிட்டால் தம்பி இறந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு அன்றைக்கே அக்கா பேருந்து ஏறிவிடுவது என்பது, பதினோரு ஆண்டுகளுக்கு முன்னர் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு. வேறு எண்ணிலிருந்து வருவது செல்லாது. பக்கத்து வீட்டார் வந்து சொல்வதும் செல்லாது. செத்தவர்களைப் பற்றிப் பக்கத்து வீட்டார் நல்லதைத்தான் சொல்வார்கள் என்பது உலகம்மாளின் கருத்து.

ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று.

அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. பத்து இலக்கங்களுக்கும் பத்துக் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஓர் ஊழியர் எண்ணின் ஓர் இலக்கத்தைச் சரிபார்த்து, அதன்மேல் ஊதிவிட்டு, அடுத்த கதவுக்கு அனுப்பினார். ஓர் இலக்கம் சரியானதும் தாழ்வாரம் அந்த அளவுக்கு நீண்டது. ஏழாம் கதவுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை இருந்தது. இருவரும் குடித்தார்கள். எண் சர்க்கரை வேண்டாம் என்றது.

எட்டாம் இலக்கம் பூஜ்யம். இங்கே ஒன்றும் இல்லையே என்றார் அந்தக் கதவின் ஊழியர். அதுதான் என்றார் கோமதிநாயகம். ஊழியர் சற்று நேரம் யோசித்துவிட்டு முத்திரை வைத்தார்.

பத்தாம் கதவுக்கு அப்பால் ஒரு மேசை. அங்கே புதிய நிறுவனத்தின் சிவப்பு அடையாள அட்டையோடு பெலிசித்தா என்னும் அலுவலர் இருந்தார். கோமதிநாயகம் முந்தின நாளே வீட்டில் எழுதிவைத்த விண்ணப்பத்தை நீட்டினார். அவர் ரயில்வேயில் முப்பத்தோர் ஆண்டு பார்சல் எழுத்தராக இருந்தவர். கை அந்தப் பழக்கத்திலேயே போயிருந்தது. மேலே இடப்பக்கம் ‘அனுப்புநர்’ என்று எழுதித் தம் பெயரை இட்டிருந்தார். கீழே ‘பெறுநர்’ என்று எழுதிப் புதிய நிறுவனத்தின் பெயரை இட்டிருந்தார். அதற்கும் கீழே ‘கைபேசி எண், ஒன்று, பழுதில்லை’ என எழுதி, அளவுகோல் வைத்துக் கோடிட்டிருந்தார்.

பெலிசித்தா அதை இருமுறை படித்தார். இவ்வளவு தெளிவான விண்ணப்பம் இந்த மேசைக்கு வந்ததில்லை என்றார். பிறகு கேட்டார்:

“நம்பருக்கு முன்னாடி நீங்க இருந்தீங்களா சார்?”

“இருந்தேன்.”

“ப்ரூஃப்?”

அவர் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தார். இது பிறந்ததற்குத்தான் சான்று, இருந்ததற்கு அன்று என்றார் பெலிசித்தா. ஓய்வூதியப் புத்தகத்தைக் கொடுத்தார். இது இனிமேல் இருப்பதற்கானது என்று திரும்பி வந்தது. இறுதியில் எண்ணையே சாட்சியாக ஏற்க பெலிசித்தா இசைந்தார். எண் எழுந்து நின்றது.

“இருந்தாரு” என்றது.

அடுத்து, பழைய நிறுவனம் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். பழைய நிறுவனம் அதே மேசையின் மறுபக்கத்தில் இருந்தது. அங்கே போய்ச்சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. பெலிசித்தா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நீல அட்டை அணிந்து உட்கார்ந்திருந்தார். இவர்களை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முகத்தில் உண்மையான துயரம் இருந்தது.

நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று கேட்டார். வீட்டில் சிக்னல் இல்லை என்றார் கோமதிநாயகம். பெலிசித்தா ‘குடும்பக் காரணம்’ என்று எழுதிக்கொண்டார். பின்னர் எண்ணை மட்டும் தனியே அழைத்துப்போய், தாழ்ந்த குரலில் ஏதோ விசாரித்தார். எண் வெகுநேரம் தலைகுனிந்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தது.

“என்ன கேட்டாங்க?”

“நீங்க கோவக்காரரான்னு கேட்டாவ. ஆமா, ஆனா என்னயப் பாத்துக் கோவப்பட்டதில்லன்னு சொன்னேன்.”

கடிதம் கிடைத்தது. திரும்பும் வழி பாதியாகச் சுருங்கியிருந்தது. அதைக் கடக்கவும் அதே ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று.

ஆணை தயாராகும்வரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மணி ஐந்தேகால். அக்கா இப்போது பையில் துணியை எடுத்து வைத்திருப்பாரோ என்று எண் கேட்டது. ஆறு ஐந்துவரை வைக்கமாட்டாள், அவள் ஒழுங்கு அப்படி என்றார் கோமதிநாயகம். அவருக்குக் கால்கள் கனத்தன. காலையிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தோம் என்று யோசித்தார். பொன்மலைக்கே போய் வந்திருக்கலாம்.

“அக்கா ஒத்த ரிங்குதான் விடுவாவ” என்றது எண். “ரெண்டாவது வாறதுக்குள்ள கட் பண்ணிருவாவ. ஒரே ஒரு நாள் மட்டும் ரெண்டு விட்டாவ.”

“என்னைக்கு?”

“நீங்க ரிட்டையர் ஆன அன்னைக்கு, அண்ணாச்சி.”

அவருக்கு அது தெரியாது. அன்று மாலை ஆறு மணிக்கு அவர் கழுத்தில் மாலையோடு, மேடையில் மற்றவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கல.”

ஐந்து ஐம்பதுக்கு அழைப்பு வந்தது. பெலிசித்தா சிவப்பு அட்டையும் நீல அட்டையும் ஒருங்கே அணிந்திருந்தார். கையெழுத்தாகாத ஆணையை எடுத்து நின்றவாறே வாசித்தார். கோமதிநாயகம் என்னும் அனுப்புநரின் விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. எண் இன்று முதல் புதிய நிறுவனத்தைச் சேரும். அனுப்புநர் அனுப்பிய இடத்திலேயே இருப்பார்.

தாமும் எண்ணோடு போவதாகத்தான் எண்ணம் என்று கோமதிநாயகம் பணிவாகத் தெரிவித்தார். பெலிசித்தா விண்ணப்பத்தை அவர் பக்கமாகத் திருப்பிவைத்தார். ‘அனுப்புநர்’. அழகிய கையெழுத்து. நகரமா னகரமா என்று எவரும் தயங்க வேண்டியதில்லை.

அவர் முப்பத்தோர் ஆண்டு பார்சல்களுக்குச் சீட்டு எழுதியவர். வாழைத்தார், மோட்டார் சைக்கிள், ஒருமுறை ஓர் ஆட்டுக்கிடா. எந்த அனுப்புநரையும் அவர் பார்சல் பெட்டியில் ஏற்றியதில்லை. ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டவர்களும் இல்லை. சீட்டில் தவறு எதுவும் அவருக்குத் தென்படவில்லை.

திருத்தி எழுதலாமா என்று கேட்டார்.

“எழுதலாம் சார். தொண்ணூறு நாள் ஆகும். அதுவரைக்கும் நம்பர் இந்த பெஞ்சுலயே இருக்கணும்.”

“என் வீட்ல சிக்னல் இல்லையேம்மா.”

“அதனாலதான சார் நம்பரை அனுப்புறோம்.”

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்து நான்கு. பெலிசித்தா பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். கோமதிநாயகம் எண்ணின் பக்கம் திரும்பினார்.

“அக்காவுக்கு நீ குடுத்துருவியா?”

“இம்புட்டு நாளும் நாந்தான அண்ணாச்சி குடுத்தேன்.”

அவர் அதை நினைத்துப் பார்த்தார். மிஸ்டு காலை யாரும் எடுப்பதில்லை. மறுமுனையில் இருப்பவர் யார் என்று எவரும் பார்ப்பதுமில்லை.

“போடுங்கம்மா” என்றார்.

பெலிசித்தா கையெழுத்திட்டார். எண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது மேசைக்குப் பின்னாலிருந்த கதவைத் திறந்து இறங்கிப் போயிற்று. அந்த வழிக்கு மூன்றே படிகள்.

மை உலர வேண்டும் என்றார் பெலிசித்தா. அதற்குள் ஒரு படிவத்தை எடுத்தார். இனிமேல் இவரை அழைப்பவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது.

“யார் யார் சார் கூப்பிடுவாங்க?”

கோமதிநாயகம் யோசித்தார். பெலிசித்தா பொறுமையாக இருந்தார். பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டார்.

சன்னலுக்கு வெளியே தூறல் விடவில்லை. எதிரே பேருந்து நிறுத்தத்தில் எண் குடையை விரித்து நின்றது. ஆறு மணிக்கு அதன் சட்டைப்பையில் ஒருமுறை வெளிச்சம் வந்து அணைந்தது. ஒரு ரிங். எண் அசையவில்லை. ஆறு ஐந்துக்கு அது புளியங்குடித் திசையில் மெல்லத் தலைவணங்கியது.

சற்றுப் பொறுத்து வெளிச்சம் மீண்டும் வந்தது. இம்முறை அணைந்து, இன்னொரு தடவையும் வந்தது. இரண்டு.

“காய்ஞ்சிருச்சு சார்” என்றார் பெலிசித்தா.

ஆணையின் கீழே இவர் ஒப்பமிட வேண்டிய இடத்தைக் காட்டினார். அங்கே ‘பெறுநர்’ என்று அச்சாகியிருந்தது. கோமதிநாயகம் அதன்மேல் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்தார். பின்னர் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெலிசித்தா ஆணையை இரண்டாக மடித்து அவர் கையில் கொடுத்தார்.