பேய்முகத்துக்குள் தைஸ்தோ

கல்மாகூரா என்ற மெட்டல் இசைக்குழுவில் எவனும் முகத்தைக் காட்டக் கூடாது என்று சட்டம் போட்டவனே பாடகன் தைஸ்தோதான். அப்போது இருபது வயது. சாத்தானைப் போற்றிப் பாடுகிற அந்த வீரனுக்கு, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அப்பாவிடம் பயம்! எல்லோரும் ரப்பர் பேய்முகம் மாட்டிக்கொண்டார்கள். பின்லாந்து முழுக்க அந்தப் பேய்முகங்கள் கொடிகட்டிப் பறந்தன. பால் பாக்கெட்டில்கூடப் படம் வந்தது.

அப்பா போய்ச் சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டிய தைஸ்தோவுக்கு, சாவதற்குள் ஊர் தன் சொந்த முகத்தைப் பார்த்து ஆரவாரிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. டிரம்மர் ராய்மோ மசியவில்லை.

"உன் மூஞ்சிய பாத்து எவன்டா பயப்படுவான்? இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி இருக்க."

"நான் இல்லாம என்னத்த கிழிக்கறீங்கன்னு பாக்கறேன்" என்று தைஸ்தோ விலகினான்.

நன்றாகவே கிழித்தார்கள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ராய்மோவின் மச்சான் பேய்முகத்துக்குள் தலையை விட்டான். 'குரலில் புது உயிர்' என்று பத்திரிகைகள் புல்லரித்தன. ஆள் மாறியது ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை.

வயிறெரிந்த தைஸ்தோ, குழு பாடவிருந்த கோடை இசைவிழாவுக்கே போனான். மைதானத்து ஓரத்தில் வழக்கம்போல சாவ்னா என்ற நீராவிக் குளியலறை. துணியைக் கழற்றி மாட்டிவிட்டு, ஆவி அதிகம் அடிக்கும் மேல்படியில் உட்கார்ந்தான். கீழ்ப்படியில் ஒரு வாலிபன் முதுகு நிறையப் பாடகனின் பேய்முகத்தைப் பச்சை குத்தியிருந்தான்.

"தம்பி, உன் முதுகுல இருக்கறது நான்தான்."

"சரிங்க பெரியவரே" என்றான் அவன், திரும்பாமலே.

தைஸ்தோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரே அறிந்த தன் அலறலை அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டான்.

"ஐயோ, பெரியவருக்குச் சூடு தாங்கல! கீழ இறக்குங்கப்பா!" என்று வாலிபன் பதறித் திரும்பினான்.

நாலு பேர் அம்மணமாக ஓடிவந்து தூக்கினார்கள். தலையில் ஒரு வாளி தண்ணீரும் விழுந்தது.

அலறலைப் புரிந்துகொண்டவன், மூலையில் வியர்த்துக்கொண்டிருந்த ராய்மோ மட்டுமே. வெளியே வந்ததும் காதில் சொன்னான்: "மச்சானுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. இன்னிக்கு நீ பாடு. ஆனா மூஞ்சிய மூடிக்கிட்டுத்தான்."

தைஸ்தோ தலையாட்டினான். மனதுக்குள் வேறு கணக்கு.

இரண்டு பாட்டு முடிந்தது. குரல் அப்படியே இருந்தது. முன்வரிசையில் அந்த வாலிபன் கண்ணீர்விட்டு அழுதான். இதுதான் சமயமென்று தைஸ்தோ பேய்முகத்தைப் பிய்த்தெறிந்தான்.

கூட்டம் அடங்கியது. வாலிபன் விரலை நீட்டினான்.

"டேய், இது சாவ்னாவுல சூடு தாங்காத பெரியவர்டா! மேடைல எப்படி ஏறினாரு?"

அத்தனை பேரும் ஆரவாரித்தார்கள். காவலர்கள் தைஸ்தோவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ராய்மோ அடுத்த பாட்டுக்குத் தாளத்தை ஆரம்பித்தான்.