இருபத்துநாலு வோல்ட் சீர்

சுருளிப்பட்டியில் திராட்சை போட்டுப் பிழைக்கிற மொக்கைச்சாமி 2009-ல் ஒரு வீடு கட்டினார். சும்மா கட்டவில்லை. கம்பம் டவுனில் ஒரு நகைக்கடையின் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, தன் வீட்டு ஹாலுக்கும் அதேபோல பால்ஸ் சீலிங் என்கிற பொய்க்கூரை போட்டு, அதன் ஓரம் முழுக்க எல்.இ.டி. விளக்குப் பட்டை ஒட்டினார். வாஸ்து பார்த்தவர் மூன்று ஜன்னல்களை அடைக்கச் சொல்லிவிட்டதால் அந்த ஹாலில் நடுப்பகலிலும் மனுஷன் முகம் மனுஷனுக்குத் தெரியாது. விளக்கு எரிந்தால்தான் வீடு.

அந்தப் பட்டை நேரடிக் கரண்டில் எரியாது. வீட்டுக்கு வருகிற இருநூற்று முப்பது வோல்ட்டைப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுக்க ஒரு டப்பா வேண்டும். பட்டையை விற்ற தேனி எலக்ட்ரிக்கல் கடைக்காரர் ஜோயல் இதைச் சொன்னபோது மொக்கைச்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. தோட்டத்து மோட்டார் ஓடவில்லை, வோல்ட்டேஜ் குறைவு என்று பத்து வருஷமாக மனு எழுதியே தேய்ந்தவர் அவர். அந்தக் குறைவைக் காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா என்று கேட்டார். ஜோயல் பொறுமையாக விளக்கினார். பட்டை பன்னிரண்டு வோல்ட் என்றால் டப்பாவும் பன்னிரண்டுதான், கூடக் கூடாது. ஆம்பியர் வேண்டுமானால் கூட இருக்கலாம். பத்து மீட்டர் பட்டை நாலு ஆம்பியர் இழுக்கும். ஆறு ஆம்பியர் டப்பா போட்டால் சூடாகாமல் உழைக்கும். இவ்வளவுதான் விஷயம். வேறு ஊராக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் புதுவீடு என்றால் சொந்தக்காரர்கள் சீர் செய்ய வேண்டுமே. மொக்கைச்சாமியின் தங்கை புருஷன் சின்னக்கருப்பு வடுகபட்டியிலிருந்து முந்திக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு வோல்ட் டப்பா என் சீராக இருக்கட்டும் என்று வாங்கிவந்து கொடுத்துவிட்டார். எலக்ட்ரீஷியன் பாண்டீஸ்வரன் அதைச் சீலிங்குக்குள் வைத்து மாட்டினான். விளக்கும் ஒழுங்காக எரிந்தது.

மொக்கைச்சாமியின் மனைவி அக்கம்மாளுக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது. அவள் கவலை விளக்கைப் பற்றியதல்ல, கோம்பையில் இருக்கும் அண்ணன் ராக்கையாவைப் பற்றியது. நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகள் சடங்குக்கு வைத்த பிளக்ஸில் மொக்கைச்சாமியின் தலை, யாரோ ஒரு வார்டு கவுன்சிலரின் தலையைவிடச் சின்னதாக அச்சாகிவிட்டது. அன்றோடு மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அக்கம்மாள் அண்ணனைப் பார்த்தது இரண்டே தடவை. இரண்டும் சாவு வீடு.

புதுவீட்டு வாசலையாவது மிதிக்க வேண்டும் என்று அவள் போனில் அழுது கெஞ்சி, ஒருவழியாக அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தார். கூடப் பிறந்தவன் சீர் மற்றவர் சீரைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்பது அவர்கள் வகையறாவில் சட்டம். செய்த சீரை அன்றைக்கே, செய்தவர் கண் முன்னால் புழங்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய சட்டம். பிரிக்காமல் மூலையில் வைப்பதும் செருப்பால் அடிப்பதும் ஒன்று.

சின்னக்கருப்பு பன்னிரண்டு வோல்ட் செய்த செய்தி கோம்பைக்கு எட்டியது. ராக்கையா நேராக ஜோயல் கடைக்குப் போய், அதைவிடப் பெரிசு எடு என்றார். ஜோயல் நயமாக முப்பது ஆம்பியரில் ஒன்றை எடுத்துவைத்தார். பெரிய டப்பாதான், ஆனால் அதன் மேலும் பன்னிரண்டு வோல்ட் என்றே எழுதியிருந்தது. அவன் செய்த அதே பன்னிரண்டை நானும் தூக்கிக்கொண்டு போய் நிற்பதா, இருபத்துநாலு கிடையாதா என்று ராக்கையா கேட்டார். இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டை கருகிப்போகும் என்று ஜோயல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சின்னக்கருப்பு கடைக்காரனை வளைத்துப்போட்டுவிட்டான் என்று ராக்கையா முடிவுகட்டி, இருபத்துநாலையே வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

விழாவன்று காலையில் கொட்டுமேளத்தோடு பதினோரு தாம்பாளம் தெருவில் வந்தது. பழம், தேங்காய், பட்டுச்சேலை எல்லாம் ஓரத்தில். நடுத்தாம்பாளத்தில் ரோஜா மாலை போட்டுக்கொண்டு அந்தத் தகர டப்பா வந்தது. வாசலில் மொக்கைச்சாமி வாய் திறக்காமல் கும்பிட்டார். ராக்கையாவும் வாய் திறக்காமல் கும்பிட்டார். அண்ணன் படியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் அக்கம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாண்டீஸ்வரன் டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவந்தான். அங்கே அக்கம்மாளும் மொக்கைச்சாமியும் இருந்தார்கள்.

"அக்கா, இத மாட்டுனம்னா கொஞ்ச நேரத்துல பட்டை பூராம் கருகிரும்."

அவனே ஒரு வழியும் சொன்னான். புது டப்பாவைச் சும்மா மேலே வைத்துவிடலாம், உள்ளே பழைய டப்பாவே ஓடட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்றான். மொக்கைச்சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாம்பார் அண்டாவைப் பார்த்தபடி நின்றார். அக்கம்மாள் சரி என்று தலையாட்டினாள்.

வியாபாரிகளின் எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த மனுஷன் ராக்கையா. ஏணியைத் தானே பிடித்துக்கொண்டு, டார்ச் அடித்து, தன் டப்பாவில் ஒயர் மாட்டுகிறதைக் காட்டச் சொன்னார். பாண்டீஸ்வரன் மேலேயிருந்து அக்கம்மாளைப் பார்த்தான். ஹாலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அண்ணன் நெற்றியில் வேர்த்திருந்ததை அவள் பார்த்தாள்.

"மாட்டு தம்பி. எங்கண்ணன் கண்ணு முன்னாலயே மாட்டு."

விளக்கு எரிந்தது. எரிந்தது என்று சொன்னால் போதாது. கொத்தனார் சரியாகப் பூசாமல் விட்ட இடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இருபத்துநாலு இருபத்துநாலுதான் என்று ஊரே ஒத்துக்கொண்டது. சின்னக்கருப்பு பீடி வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். ராக்கையா மீசையைத் தடவிக்கொண்டு ஹாலில் போட்ட பந்தியில் உட்கார, முறைக்காக மொக்கைச்சாமியையும் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்கள்.

இலையில் கூட்டு வைத்து முடியவில்லை, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பட்டை துண்டு துண்டாக அணைந்து, கடைசித் துண்டும் போனது. ஹால் இருண்டது. எங்கேயோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். ராக்கையா இலையிலிருந்து கையை எடுத்தார். இப்போது எழுந்தால் அண்ணன் இந்த ஜென்மத்தில் திரும்ப வரமாட்டார் என்று அக்கம்மாளுக்குத் தெரியும். கரண்டியோடு அண்ணன் இலைப் பக்கம் ஓடினாள்.

"டப்பா நல்லாத்தேன் இருக்கு மச்சான். தேனிக்காரன் குடுத்த பட்டைதேன் சரியில்ல. உக்காந்து சாப்புடுங்க."

பேசியது மொக்கைச்சாமி. நாலு வருஷத்தில் முதல் பேச்சு. பாண்டீஸ்வரன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் கேட்டிருந்த மனுஷன் அவர். அந்த இருட்டில் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அக்கம்மாளுக்கு. பந்தி நடந்துகொண்டிருந்ததால் ரசம் ஊற்றினாள்.

"அவன் முழியே சரியில்ல மாப்ள. அப்பவே நெனச்சேன்," என்றார் ராக்கையா.

அதற்குப் பிறகு மோர் வருகிறவரைக்கும் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஜோயலைத் திட்டினார்கள். கை கழுவிய ஈரம் காயவில்லை, கருகிய பட்டையை மஞ்சள் பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, நியாயம் கேட்க ஒரே பைக்கில் தேனிக்குக் கிளம்பினார்கள். ராக்கையா மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்து போனார்.

பைக் தெருமுனை திரும்பியதும் அக்கம்மாள் ஜோயலுக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். ஜோயல், நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வம்பு, புதுப் பட்டை ஒன்றைச் சும்மாவே கொடுத்து அனுப்பிவிடட்டுமா என்று கேட்டார்.

"குடுத்துராதீக தம்பி," என்றாள் அக்கம்மாள். "ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் ரெண்டு பேரும் சேந்து வாங்கன்னு சொல்லி அனுப்புங்க."