யார் முறை

அர்ச்சுனன் எழுதிய புரோகிராமை ஷகிலாவுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. அர்ச்சுனனை அதைவிடப் பிடிக்கவில்லை. தருமபுரியில் புதிதாக முளைத்திருந்த அந்த கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தது ஒரே வேலை, போட்டிக்கு இரண்டு பேர். யாருடைய புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதோ அவருக்கே வேலை என்று முதலாளி கிருஷ்ணப்பன் பெரிய நியாயஸ்தர் மாதிரி சொல்லியிருந்தார். கடைசியில் மெஷினில் ஏற்றச் சொன்னது தன் மச்சினன் அர்ச்சுனனுடையதை மட்டும்.

பென்னாகரத்துப் பக்கம் ஒரே கிணற்றில் பங்குள்ள பங்காளிகள் நஞ்சப்பன், தர்மன், பெரியண்ணன் வந்திருந்தார்கள். மோட்டாருக்குக் கரண்ட் வராத நாள் முறைக்கணக்கில் சேராது. அதனால் தினமும் அடிதடி. இன்றைக்குத் தண்ணீர் யாருக்கு என்று கம்ப்யூட்டரே சொல்லட்டுமாம்.

ஷகிலா முந்தின நாளே எச்சரித்திருந்தாள். "யார் முறைன்னு கேக்கற எடத்துலயே நீ முறையை அடுத்த ஆளுக்குத் தள்ளிவுடற. கேட்டா பதில் மட்டும் சொல்லணும், உள்ள எதையும் மாத்தக்கூடாது. லிஸ்ப்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை, அதுல அப்படித்தான் எழுதுவாங்க."

"உன் லிஸ்ப்பை வூட்ல வச்சுக்க. நான் பேசிக் பாஷைல எழுதினது ஓடுது."

ஓடத்தான் ஓடியது. ஆனால் ஒருமுறை கேட்டதுமே கரண்ட் போய்விடும். வந்ததும் மெஷின் பழையபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரே மூச்சில் இரண்டு தடவை கேட்டுப் பார்க்க அந்தச் சோம்பேறிக்கு வாய்க்கவே இல்லை.

இன்று கரண்ட் போகாமல் இருந்தது. நஞ்சப்பன் கேட்டார், தர்மன் பெயர் வந்தது.

"தப்பு. மறுக்கா கேளு," என்றார் அர்ச்சுனனிடம்.

நஞ்சப்பன் பெயர் வந்தது. தர்மன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "இன்னொருக்கா கேளுடா!"

பெரியண்ணன் பெயர் வந்தது. அப்புறம் நாற்காலி உடைந்தது.

கிருஷ்ணப்பன் ஷகிலாமேல் பாய்ந்தார். "தெரிஞ்சும் வாயை மூடிட்டு நின்னியா?"

"நேத்தே சொன்னேங்க."

"சொல்லலைன்னு மச்சினன் சொல்றான். நாளையிலேர்ந்து வராத."

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் நஞ்சப்பன் மறித்தார்.

"ஏம்மா, நீ எழுதினது ஒண்ணு இருக்காமே? அந்தக் கணக்குப்படி இன்னைக்கு யார் முறை?"

"தர்மண்ணனோடதுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"தர்மண்ணனோடதுதான்."

"இன்னொருக்கா கேக்கறேன்..."

"நூறு தடவை கேளுங்க. தர்மண்ணனோடதுதான்."

நஞ்சப்பன் அவள் காலடியில் காறித் துப்பினார். "உனக்கு அந்த மெஷினே தேவல. என் பேரையும் ஒருக்கா சொல்லுச்சு," என்று மறுபடி உள்ளே போனார்.