குத்துமதிப்பு

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் அவளுக்கு 'ஒரே குத்து அக்கா' என்று பெயர். எப்பேர்ப்பட்ட ஒளிந்த நரம்பையும் ஆள்காட்டி விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள்.

கர்ப்பத்தில் ஏழாம் மாதம் பிறந்ததும் அந்த விரலே காலை வாரியது. முதலில் விடிந்தெழும்போது மட்டும் மதமதப்பு; கையை உதறினால் சரியாகிவிடும். பிறகு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் பகலிலும் மரத்துக் கிடந்தன. அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் டோக்கன் கவுண்டரில் உட்காரவைத்துவிடுவார்கள்.

ஒரு நாள், வழக்கமாக அவளிடம் வரும் டீச்சர் வந்தார். புற்றுநோய் சிகிச்சையில் நரம்பெல்லாம் சுருங்கிப்போனவர். இவளைத் தவிர யாரிடமும் கையை நீட்டமாட்டார். முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது.

"இன்னிக்கு நீ தடவலையேம்மா, அழுத்துறே. விரல்ல உணர்ச்சி இல்லையா?"

அவள் முகம் சுண்டிப்போனது. "ஒரு மாசமாவே இல்ல டீச்சர்."

"அப்ப இத்தனை நாளா எப்படி எடுத்தே?"

"குத்துமதிப்பாத்தான்."

டீச்சர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு ஆடிப்போனாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டாள். 'துளை போடும் மெஷின்' என்று அவள் கேலி செய்து வந்தவன்.

"முழங்கைக்கு ரெண்டு விரக்கடை கீழ, வெளிப்பக்கமா பாரு. கண்ணுக்குத் தெரியாது. அவசரப்படாதே."

அவன் வியர்க்க விறுவிறுக்கத் தடவிக் குத்தினான். குழாயில் ரத்தம் ஏறியது. அவளுக்கு நிம்மதியும் பொறாமையும் ஒன்றாக வந்தன.

மாடியிலிருந்த டாக்டர் அவள் மணிக்கட்டை மடக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஊர்ல இருக்கிற நரம்பையெல்லாம் தேடினே, உன் நரம்பு இங்க நசுங்கிக் கிடக்கு. கர்ப்பத்துல நீர் கோத்து வீங்குறதால வர்றது. குழந்தை பிறந்தா பெரும்பாலும் தானா சரியாயிடும்."

மணிக்கட்டு வளையாதிருக்கப் பட்டை கொடுத்தார். வீட்டில் மாமியார்தான் அதை மாட்டிவிட்டார்.

"உன் புருஷன் வயித்துல இருந்தப்ப எனக்கும் இப்படித்தான். தையல் கம்பெனியில வேலை. யார்கிட்டயும் மூச்சு விடல."

"ஏன் அத்தை?"

"நீ ஏன் விடல?"

மாமியார் அதற்குமேல் கேட்காமல் அவளுக்குத் தலைவாரிவிட்டார்.

குழந்தை பிறந்த ஆறாவது வாரம் கட்டைவிரலும் நடுவிரலும் தேறின. ஆள்காட்டி நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம். வேலைக்குத் திரும்பிய அன்று, யாரும் கேட்பதற்கு முன்பே தலைமை நர்ஸிடம் போய் அதைச் சொன்னாள்.