நான்காவது ஜோடி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஹவில்தார் ஏகாம்பரம் வீட்டு நடைவழியில் பழைய செய்தித்தாளை விரித்து, இருக்கிற ஷூக்களையெல்லாம் வரிசையாக அடுக்கிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஜபல்பூரிலும் அதுதான், பதான்கோட்டிலும் அதுதான். ஸ்விட்சர்லாந்தில் பேர்ண் நகரத்துக்கு, இந்தியத் தூதரகத்தின் காவல் வேலைக்கு அனுப்பப்பட்ட பிறகும் அது மாறவில்லை. முதலில் அவருடைய பூட்ஸ், அடுத்து மனைவி தனலட்சுமியின் ஷூ, கடைசியில் மகள் யசோதராவின் பள்ளிக்கூட ஷூ. துணியை விரலில் சுற்றிக்கொண்டு, பாலிஷைத் தொட்டு, லேசாக எச்சில் துப்பி, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷைப் பிடித்திருப்பதும், அவர் கை நீட்டும்போது கொடுப்பதும் யசோதராவின் வேலை.

உலகத்தில் அவளுக்கென்று இருந்த நிரந்தரமான வேலை அது ஒன்றுதான். பட்டாளத்துப் பிள்ளைக்கு வேறு எது நிலைக்கும்? பள்ளிக்கூடம் பழகி, தோழி ஒருத்தி கிடைத்து, தெருநாய்கூட வாலாட்டத் தொடங்கும் நேரம் பார்த்து மாற்றல் உத்தரவு வந்துவிடும். கறுப்பு இரும்புப் பெட்டிகளில் பழைய யூனிட்டின் பெயரை அழித்துவிட்டு அப்பா புதுப் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதுவார். சைக்கிள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பையனுக்குப் போகும், நாய்க்குட்டி எதிர்வீட்டுக்குப் போகும், உயிர்த்தோழி அழுதுகொண்டே கையாட்டுவாள். பத்து வயதுக்குள் யசோதரா விட்டுக்கொடுத்தது ஏராளம். விட்டுக்கொடுக்காமல் ஊர் ஊராகக் கூடவே கொண்டுவந்தது, செய்தித்தாளின் ஓரத்தில் அப்பாவுக்குப் பக்கத்து இடம். பார்த்துப் பார்த்து அதற்குத்தான் ஒரு பங்காளி வந்து சேர்ந்தாள்.

பங்காளியின் பெயர் சிவமலர். எண்பத்தாறாம் வருஷம், இலை கொட்டும் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடு வந்தவள். அப்பா குலேந்திரன் முன்னாலேயே வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பும்ப்லிட்ஸ் பகுதியில் யசோதரா வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளித்தான் அவர்களுடைய வீடு. தமிழ் தெரிந்த பிள்ளை என்பதால் வகுப்பு ஆசிரியை அவளை யசோதராவின் பக்கத்தில் உட்கார வைத்து, தான் சொல்வதையெல்லாம் விளக்கும் பொறுப்பை யசோதராவிடம் கொடுத்தார். ஆரம்பத்தில் யசோதராவுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் புதுப்பிள்ளையாகவே இருந்து பழகியவளுக்கு, முதல்முறையாக ஒருத்தி தன்னைவிடப் புதிதாக வந்திருந்தாள். அந்தப் பெருமையில் அவளே சிவமலரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். தன் கையாலேயே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. செய்தித்தாள் விரித்தாயிற்று. வாசலில் சிவமலர் கழற்றிவைத்த பழுப்பு ஷூவை ஏகாம்பரம் பார்த்தார். தேவாலயத்தில் பழைய துணிமணி கொடுக்கிற இடத்தில் வாங்கியது. வேறு யாரோ ஒரு குழந்தையின் கால் அளவுக்குத் தேய்ந்து, நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அதை எடுத்து வரிசையில் வைத்தார். வைத்ததுதான் வைத்தார், கடைசியில் வைத்திருக்கக் கூடாதா? விருந்தாளிக்கு முதல் மரியாதை என்று, யசோதராவின் ஷூவை ஓரமாக நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் வைத்தார்.

பளபளவென்று திரும்பி வந்த ஷூவைச் சிவமலர் கையில் வாங்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "மாமா, இது புதுச் சப்பாத்து மாதிரிக் கிடக்கு" என்றாள்.

ஏகாம்பரம் அப்படியே குளிர்ந்துபோனார். "கேட்டியா தனம், இந்தப் பொண்ணு பேசற தமிழை" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். யசோதரா பேசும் தமிழில் பாதிக்குப் பாதி இந்தி கலந்திருக்கும். கன்டோன்மென்ட் பள்ளிக்கூடங்களில் அவளை இழுத்துக்கொண்டு அலைந்தது யார்? அதையெல்லாம் மறந்துவிட்டு, ஊரான் வீட்டுப் பிள்ளையின் தமிழைக் கேட்டு உருகினால் பெற்ற பிள்ளைக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சிவமலர் வந்தாள். குலேந்திரனுக்கு ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம். அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம் என்று தனலட்சுமி இரக்கப்பட்டாள். சிவமலரின் அம்மா இராஜேஸ்வரி நன்றிக்கு ஏதாவது பலகாரம் செய்து கொடுத்தனுப்புவாள். வழியில் பார்த்தால், "அண்ணை, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று விடமாட்டாள். உடன்பிறந்த தங்கை இல்லாத ஏகாம்பரத்துக்கு அந்த ஒரு சொல் போதும், வாயெல்லாம் பல்லாகிவிடும்.

சிவமலர் வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் இருவரும் தனலட்சுமியோடு ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார்கள். இந்த ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் வருஷாவருஷம் கொஞ்ச நாள் ராணுவப் பயிற்சிக்குப் போக வேண்டும். அப்படிப் போய்விட்டு வந்த பையன்கள் சீருடையோடு, தோளில் துப்பாக்கியோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நின்றார்கள். சிவமலர் யசோதராவின் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. ஒரு தூணுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள். என்ன கேட்டும் எழுந்திருக்கவில்லை. பையன்கள் ரயிலேறிப் போனபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆமிக்காரர் வந்துதான் எங்கட அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனவை. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவை. விடேல்லை."

வீட்டுக்கு வந்ததும் தனலட்சுமி இதைச் சொன்னாள். ஏகாம்பரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். தூதரகத்துக்கு அவர் கோட்டும் டையும்தான் போட்டுக்கொண்டு போவார். வரிசையிலிருந்த பூட்ஸும் பனிக்கென்றே தோன்றும்; அவர் பட்டாளத்துக்காரர் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. யசோதராவைக் கூப்பிட்டு, "நான் பட்டாளம்னு அந்தப் பொண்ணுகிட்டே வாயைத் திறக்காதே. பயந்துடும்" என்றார். யசோதராவும் தலையாட்டினாள். அது அவர்கள் இருவருக்குமான ரகசியம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. டிசம்பரில் பனி கொட்டியது. தெருவில் தூவிய உப்பு எல்லோருடைய ஷூவிலும் வெள்ளைக் கோடாகப் படிந்தது. ஒரு ஞாயிறு, செய்தித்தாளை விரித்துவிட்டு அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். ஏன் ஆரம்பிக்கவில்லை என்று யசோதரா கேட்டாள். சிவமலர் வரட்டும் என்றார். காத்திருக்கிறாராம்! யசோதரா காய்ச்சலில் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அவர் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. சிவமலர் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்ததும் யசோதராவின் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி, "இன்னைக்கு நீ பிடிம்மா" என்று அவளிடம் கொடுத்தார்.

யசோதரா எழுந்து போய்க் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். என்னடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா வந்து சீண்டினாள். அப்பா வரவே இல்லை. நடைவழியில் அவரும் சிவமலரும் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு இந்த ஊரில் அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், இனிமேல் யாரும் பெட்டியைக் கட்டச் சொல்லப் போவதில்லை. அதுவும் போதாமல் என் அப்பாவும் வேண்டுமா? நாங்கள் போன பிறகும் அவள் இங்கேயே இருப்பாளே என்று நினைக்க நினைக்க யசோதராவுக்குத் தூக்கம் வரவில்லை.

ஜனவரி இருபத்தாறு அந்த வருஷம் திங்கட்கிழமை வந்தது. குடியரசு நாள் கொடியேற்றத்துக்கு ஏகாம்பரம் முழுச் சீருடையில் நிற்க வேண்டும். முந்தின நாள் ஞாயிறு காலையிலேயே தனலட்சுமி இரும்புப் பெட்டியைத் திறந்து, நாப்தலின் வாசனை போக உதறி, இஸ்திரி போட்டு அலமாரிக் கதவில் மாட்டிவிட்டாள். அது படுக்கையறையில் இருந்தது. சிவமலர் அந்தப் பக்கம் வரமாட்டாள். எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது.

"அப்பா, சிவமலருக்கு ஜுரம். இன்னைக்கு வரமாட்டா" என்றாள் யசோதரா.

பாவம் என்றார் அப்பா. அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் அவளுக்கு மேலும் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊர்ப் பாலாடைக்கட்டியைத் தின்று தின்று அவருக்குத் தொப்பை போட்டிருப்பதாகவும், நாளைக்கு எல்லோர் முன்னாலும் பெல்ட் எட்டாமல் போனால் மானம் போய்விடும் என்றும் சொன்னாள். போட்டுப் பார்த்துவிடலாமே என்றாள். அம்மாவும் சமையலறையிலிருந்து சிரித்துக்கொண்டே ஒத்து ஊதினாள். அவர் எழுந்து போனார்.

பெல்ட் எட்டியது. பதக்கங்களைக் குத்திக்கொண்டு, தொப்பியை நேராக்கிக்கொண்டு, பூட்ஸ் சத்தத்தோடு நடைவழியில் அவர் வந்து நின்றபோது யசோதரா பெருமையோடு நிமிர்ந்து பார்த்தாள். இது என் அப்பா. யாருக்கும் மாமா இல்லை. அப்போது அழைப்புமணி சின்னதாக ஒருமுறை அடித்தது. அப்படி அடிப்பது யாரென்று அவளுக்குத் தெரியும். அம்மாவின் கையெல்லாம் மாவு.

"நீங்களே திறங்கப்பா" என்றாள் யசோதரா.

திறந்தார். வெளியே சிவமலர், கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் பழுப்பு ஷூவோடு நின்றாள். பனிக்கென்று ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். அவள் கத்தவில்லை. பை கையிலிருந்து விழுந்தது. பிறகு, யாரோ சொல்லிக் கொடுத்துப் பலமுறை செய்து பழகிய ஒரு காரியத்தைச் செய்வதுபோல், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

அதை யசோதரா எதிர்பார்க்கவில்லை. பயப்படுவாள், அழுவாள், இனி வரமாட்டாள் என்ற அளவுக்குத்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"மாமாம்மா. மாமாதான்" என்று ஏகாம்பரம் ஓரடி முன்னால் வைத்தார். பூட்ஸ் சத்தம் மாடிப்படியில் எதிரொலித்தது. தூக்கிய கைகளை இறக்காமலே அவள் பின்னால் நகர்ந்து, ஒரு படி, இன்னொரு படி இறங்கி, திரும்பி ஓடினாள். கீழே கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

ஏகாம்பரம் பையை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். "ஜுரம்னு சொன்னியே" என்றார். யசோதரா சுவரைப் பார்த்தாள். அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய்ச் சீருடையைக் கழற்றிவிட்டு, பழைய ஸ்வெட்டரில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பழுப்பு ஷூவை மட்டும் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தன் பூட்ஸுக்குக்கூட அவ்வளவு நேரம் அவர் செலவழித்ததில்லை. யசோதரா பிரஷ்ஷை நீட்டினாள். அவர் அவளைப் பார்க்காமலே எட்டி வாங்கிக்கொண்டார்.

பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு பனியில் நடந்தார். இராஜேஸ்வரி கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. ஷூவை இரண்டு கைகளாலும் பணிவாக வாங்கிக்கொண்டாள்.

"பெரிய உபகாரம், சேர்" என்றாள், அதிகாரிகளிடம் பேசும் குரலில். "பிள்ளை படுத்திட்டாள், சேர்."

"தங்கச்சி, நான் அந்தப் பட்டாளம் இல்லைம்மா" என்றார் ஏகாம்பரம்.

"ஓம், சேர்" என்றாள் இராஜேஸ்வரி. அவர் படியிறங்கும்வரை தலையைக் குனிந்தபடியே நின்றாள்.

வழியில் அவர் ஒரே ஒருமுறைதான் பேசினார், அதுவும் யசோதராவிடம் இல்லை, தனக்குள்ளேயே. "அண்ணைன்னு கூப்பிட்டுட்டிருந்தாங்க" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யசோதரா யோசித்தாள். அவர் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன.

மறுநாள் கொடியேற்றத்தில் அவருடைய பூட்ஸ் பிரமாதமாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்களாம். பள்ளிக்கூடத்தில் சிவமலர் வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். ஞாயிறு வந்தது. ஏகாம்பரம் செய்தித்தாளை விரித்தார். அழைப்புமணி அடிக்கவில்லை. பிரஷ் யசோதராவின் கையிலேயே இருந்தது, அப்பாவுக்குப் பக்கத்து இடம் முழுசாக அவளுக்கே இருந்தது. கேட்டதெல்லாம் கிடைத்தாயிற்று.

வரிசையைப் பார்த்தாள். அப்பாவின் பூட்ஸ், அம்மாவின் ஷூ, பிறகு ஒரு ஜோடி வைக்கும் அளவுக்கு வெறும் தாள், அதற்கப்புறம் கடைசியில் அவளுடைய ஷூ. அந்த வெறும் தாளைப் பார்க்கவும் அவளுக்கு வயிறு எரிந்தது. மெதுவாகக் கையை நீட்டித் தன் ஷூவை அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்தாள்.

அப்பா தேய்ப்பதை நிறுத்தினார். நிமிர்ந்து பார்க்காமலே அதை எடுத்து, முன்பு இருந்த ஓரத்தில் திரும்ப வைத்தார்.